கொற்கை வழியாகப் போன யாழ்

சிறுபாணாற்றுப்படையில் ஒரு மந்தி வருகிறது. உப்பு விற்கப் போகும் உமணர் வண்டிகளோடு ஊர் சுற்றும் குரங்கு அது. கொற்கைப் பக்கம் வந்ததும் முத்துகளை எடுத்து, கூர்விளிம்புள்ள கிளிஞ்சலின் வயிற்றுக்குள் போட்டு மூடி, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. பாண்டியனைக் கொற்கைக்கு உரியவன் என்று சொல்ல வந்த இடத்தில், போகிற போக்கில் நல்லூர் நத்தத்தனார் தீட்டிய சித்திரம் இது. உப்பு, முத்து, சிப்பி என்று இந்தக் கரையின் மூன்று சரக்கும் அதில் அடங்கிவிட்டன. சத்தம் எழுப்பும் கருவி ஒன்று பிறப்பதையும் கூடவே பார்த்துவிடுகிறோம். அந்தப் பாட்டு முழுவதும் யாரை நோக்கிப் பாடப்படுகிறதோ அவன் சீறியாழ் ஏந்திய பாணன். சிறுபாணன் என்ற பெயரே அவன் கையிலிருந்த சின்ன யாழால் வந்தது.

இன்றைய கொற்கை, தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடலைக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று வந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி, தாழிகளையும் இரும்பையும் வெண்கலத்தையும் பொன் பட்டங்களையும் எடுத்தார். இவ்வளவு மண்ணைக் கிளறியும் யாழ் ஒன்று கிடைக்கவில்லை. கிடைக்காததில் வியப்பும் இல்லை. மரம், தோல், விலங்கின் நரம்பு: யாழ் என்பது இந்த மூன்றும்தான். மூன்றுமே செல்லுக்கும் ஈரத்துக்கும் போகிற பொருள்கள். ஆகவே யாழின் ஆரம்பகாலத்தைத் தேடுகிறவன் மண்வெட்டியை வைத்துவிட்டு, பாட்டையும் உரையையும் சிற்பத்தையும் பிற நாடுகளில் இன்னும் உயிரோடிருக்கும் அதன் உறவுக்காரக் கருவிகளையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் எதை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் சண்டை.

முதலில் பெயரைப் பற்றி. யாழ் என்ற சொல்லைப் பார்த்த இடமெல்லாம் கருவி என்று எடுத்துக்கொண்டால் வழிதவறிப் போவோம். தொல்காப்பியம் ஐந்திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது யாழையும் சேர்க்கிறது. நெய்தல் நிலத்துக்கு, அதாவது தூத்துக்குடி போன்ற கடற்கரைக்கு, உரிய யாழ் செவ்வழி என்று ஒரு மரபும், விளரி யாழ் என்று நம்பியகப்பொருளும் சொல்கின்றன. இதை வைத்துக்கொண்டு, பரதவர் கையில் விளரி யாழ் என்று தனியாக ஒரு கருவி இருந்தது, அதற்கு இத்தனை நரம்பு என்றெல்லாம் படம் போட்டவர்கள் உண்டு. அங்கே யாழ் என்பது பண். இரங்கலுக்குப் பொருந்தும் ஓசை நெய்தலுக்கு உரியது என்பதுதான் சேதி. யாழ் என்றால் மிதுன ராசியும்தான், கந்தருவரும்தான். நரம்பும் அப்படியே: கருவியில் கட்டும் நரம்பு, உடலில் ஓடும் நரம்பு, குரல் துத்தம் கைக்கிளை என்னும் சுரம் ஆகிய மூன்றையும் அந்த ஒரே சொல் குறிக்கும். ஒரு கருவி ஒரு மக்களின் இசையறிவு முழுவதற்கும் அளவுகோலாக இருந்தால்தான் அதன் பெயர் இப்படி எல்லாப் பக்கமும் படரும். இன்று நாம் எந்த ஊர்ப் பாட்டையும் ஆர்மோனியக் கட்டையில் சொல்லிப் பார்க்கிறோமே, அதுபோல.

பாட்டுகள் சொல்லும் யாழின் உருவத்துக்கு வருவோம். பத்துப்பாட்டில் நான்கு ஆற்றுப்படைகள் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கின்றன. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு தச்சர் மேற்பார்வை செய்வதைப்போல வரிசையாகச் சொல்கிறார். நடுவில் மேடும் இருபுறம் பள்ளமுமாக, மானின் குளம்பு பதிந்த சுவடு போன்ற பத்தல், அதாவது யாழின் உடல். அதன்மேல் இழுத்துப் போர்த்திய, விளக்குச் சுடரின் நிறமுள்ள தோல். தோலைப் பிடித்து நிறுத்த அடித்த ஆணிகள், வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண்களைப்போல. எட்டாம் நாள் பிறை வடிவில் ஒரு வாய், உள்நாக்கு மட்டும் இல்லை. படமெடுத்த பாம்பைப்போல் மேலே வளைந்து எழும் தண்டு. அந்தத் தண்டில் வரிசையாகக் கட்டிய வார்க்கட்டுகள், கறுத்த பெண்ணின் முன்கை வளையல்களைப்போல. அவற்றுக்குத் திவவு என்று பெயர். நண்டுக் கண் உவமையைக் கடற்கரைக்காரர் யாரும் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்: சின்னதாக, உருண்டையாக, மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

இந்த வருணனையில் என் கண்ணில் முக்கியமானவை இரண்டு: வளைந்த தண்டு ஒன்றே ஒன்றுதான், நரம்பை முறுக்க முளையில்லை, திவவுதான் உண்டு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் யாழ் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாகிவிடும். உலகின் பழைய நரம்புக் கருவிகளில் வளைதண்டு யாழ் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. எகிப்தின் பழைய அரசர் காலக் கல்லறைச் சுவர்களில் இருக்கிறது, மெசபொத்தேமியாவில் இருக்கிறது. பர்மாவின் சவுங் இன்னும் மேடையில் வாசிக்கப்படுகிறது. படகு போன்ற உடல், மான்தோல் போர்வை, மேல்நோக்கி வளைந்த தண்டு, அந்தத் தண்டில் நரம்பின் நுனியைக் கட்டி நிறுத்தும் சிவப்பு நூல் சுற்றுகள். அந்தச் சுற்றைத் தண்டின்மேல் நகர்த்தியும் திருகியும்தான் சுருதி சேர்ப்பார்கள். திவவு என்ற சொல்லுக்கு உரை தேடி அலைகிறவர் யாங்கோனில் ஒரு சவுங் வாசிப்பவர் அரைமணி நேரம் சுருதி சேர்ப்பதைப் பார்த்தால் போதும்.

அரைமணி நேரம் ஏன் என்றால், வளைதண்டு யாழின் பிறவிக் குறை அதில்தான் இருக்கிறது. தண்டின் நுனியையும் உடலின் கடைசியையும் சேர்த்துத் தாங்க முன்பக்கம் தூண் எதுவும் இல்லை. ஒரு நரம்பை இழுத்துக் கட்டினால் தண்டு ஒரு மயிரிழை உள்ளே வளையும். உடனே மற்ற நரம்புகள் தளரும். அவற்றைச் சரிசெய்யப் போனால் முதலில் கட்டியது தளரும். ஐரோப்பாவின் ஹார்ப் ஒரு தூணை நட்டு இந்தத் தொல்லையைத் தீர்த்துக்கொண்டது. நம்முடையது தீர்த்துக்கொள்ளவில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கியதும் பாடத் தொடங்கிவிடுவதில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று தொடங்கி எட்டு வகைக் கலைத்தொழிலை இளங்கோ அடுக்குகிறார். காப்பியத்தின் கதையோட்டத்தில் இது நீளம்போலத் தோன்றும். கருவியைத் தெரிந்தவனுக்கு நீளமாகத் தோன்றாது. வாசிப்பதில் பாதி, அதைச் சுருதிக்குக் கொண்டுவருவதுதான்.

இந்தக் கருவி எங்கிருந்து முளைத்தது? வில்லிலிருந்து என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விடை. தமிழுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. யாழ் எப்படிப் பிறந்திருக்கும் என்பதை ஊகித்துச் சொல்லும் காட்சி ஒன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வைத்திருக்கிறார். மாடு மேய்க்கும் இடையன் தீக்கடை கோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து பாலைப் பண் ஊதுகிறான். அது சலித்துப்போகிறது. உள்ளே துளையுள்ள குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, விரலால் தடவிக் குறிஞ்சிப் பண் எழுப்புகிறான். வண்டுகள் தம் இனத்தின் குரல் என்று நினைத்துக் காது கொடுக்கின்றன. வில்யாழ் இது. வேட்டைக்காரன் நாணைத் தெறித்துக் கேட்டதில் தொடங்கியதென்று மேல்நாட்டார் பொதுவாகச் சொல்லும் கதையில் ஒரு வேடன் இருப்பான். நம் கவிஞர் வைத்தது பொழுது போகாத இடையனை. கிரேக்கர்களும் தங்கள் லைராவின் பிறப்பை மாட்டோடுதான் சேர்த்தார்கள். குழந்தைத் தெய்வம் ஹெர்மஸ் ஆமை ஒன்றைப் பிடித்து, ஓட்டைக் குடைந்து, மாட்டுத்தோல் போர்த்தி, ஆட்டுக்குடல் நரம்பு ஏழு கட்டி லைரா செய்ததாகவும், அப்பல்லோவின் மாடுகளைத் திருடிய குற்றத்துக்கு அதையே ஈடாகக் கொடுத்துத் தப்பியதாகவும் அவர்கள் துதிப்பாடல் சொல்கிறது. மேய்ச்சல்காரர்களுக்குத் தோலும் குடலும் ஓய்வு நேரமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன என்பதைத் தவிர இதில் பெரிய ஒற்றுமை இல்லை.

கிரேக்கத்தின் பேச்சு வந்துவிட்டது. கொற்கையைப் பற்றி எழுதினால் அது வராமல் போகாது. கி.பி. முதல் நூற்றாண்டில் எரித்திரியக் கடல் வழிகாட்டியை எழுதிய கிரேக்க மாலுமி கொற்கையைக் கொல்கோய் என்கிறார். பாண்டிய மன்னனுக்கு உரிய முத்துக்குளிப்பு அங்கே நடப்பதையும், தண்டனை பெற்ற கைதிகள் குளிப்பதையும் குறித்து வைத்திருக்கிறார். அதே நூலில், குசராத்துக் கரையின் பாரிகாசா துறைமுகத்தில் அரசனுக்கென்று இறக்குமதியான பொருள்களில் வெள்ளிப் பாத்திரம், நல்ல மது முதலியவற்றோடு இசை தொடர்பான ஒரு சரக்கும் இருக்கிறது. அது இசைக்கருவியா, இசை தெரிந்த அடிமைகளா என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. அதற்கு முன்பே கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூடோக்சஸ் என்பவர் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலில் இசைப்பயிற்சி பெற்ற பெண்களை ஏற்றியதாக ஸ்டிராபோ எழுதுகிறார். ஆக, யவனக் கப்பலில் இசை வந்தது என்பது கட்டுக்கதையில்லை.

அதனால் யாழும் யவனக் கப்பலில் வந்ததா? இப்படி ஒரு வாதம் உண்டு. சிலப்பதிகார உரை மரபு நால்வகை யாழைச் சொல்கிறது: பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று ஒரு கணக்கு. வேறு கணக்கில் மகரயாழுக்கு 17 வரும். சுரம் ஏழு என்றால் 7, 14, 21 ஆகியவை ஒரு வரிசையில் ஒழுங்காக நிற்கின்றன. மகரயாழின் எண் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. இது வெளியிலிருந்து வந்தது, யவனருடையது என்று ஊகித்தவர்கள் இந்த ஒட்டாமையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மகரயாழ் ஒன்றைப் பற்றி அப்படி ஊகிப்பதில் தவறில்லை. யாழ் முழுவதையும் அந்தக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கிரேக்க லைரா வேறு குடும்பம். அதற்கு இரண்டு கை. இரண்டையும் மேலே இணைக்கும் நுகக்கட்டை. நரம்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். தடிப்பாலும் இறுக்கத்தாலும்தான் சுரம் மாறும். யாழுக்கு ஒரே கை. நரம்புகள் ஒன்றைவிட ஒன்று நீளம். நீளத்தால் சுரம் மாறுவது ஒன்று, இறுக்கத்தால் மாறுவது மற்றொன்று. பத்தலின்மேல் தோல் போர்த்துவதால் மட்டும் இரண்டும் சகோதரராகிவிடாது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் கடல் ஒன்றுதான், கட்டுமானம் வேறு.

எதிர்ப்பக்கம் இழுப்பவர்களும் உண்டு. கிரேக்கத்தில் பாண்டூரா என்று நீண்ட கழுத்துள்ள மூன்று நரம்புக் கருவி ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டதுமே பாண்டியனைக் கப்பலேற்றி அனுப்ப நம்மில் சிலருக்குக் கை பரபரக்கும். சுமேரியச் சொல்லிலிருந்து அதற்குச் சின்ன வில் என்று பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஊகம்தான் என்றாலும் பாண்டியனைவிடப் பரவாயில்லை. அந்தப் பாண்டூராவின் வாரிசு வரிசையில் தம்பூரஸ் வந்தது, அதற்கும் பின்னால் இருபதாம் நூற்றாண்டில் பூசூக்கி வந்தது. 1922க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் பிரேயஸ் துறைமுகத்துக் கூலித் தொழிலாளர்களும் மதுக்கடைகளில் பாடிய பாட்டுக்குத் துணையாக அது வளர்ந்தது. மூன்று இரட்டை நரம்பாக இருந்ததை மனோலிஸ் கியோட்டிஸ் 1950களில் நான்காக்கினார். இன்று கிரேக்கம் என்றாலே பூசூக்கிதான். பழைய லைராவின் பெயரோ கிரீட் தீவில் மடியில் நிறுத்தி வில்லால் இழுத்து வாசிக்கும் வேறொரு கருவிக்குப் போய்விட்டது. ஹெர்மஸின் ஆமையோட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிரப் பொதுவானது எதுவும் இல்லை.

இந்தக் கிரேக்க விஷயத்தை இழுத்ததற்குக் காரணம், இங்கேயும் அதுவே நடந்தது என்பதுதான். வடமொழியின் பழைய நூல்களில் வீணை என்றால் இன்று நாம் காணும் தந்திக் கட்டை வைத்த கருவி அன்று. வளைதண்டு யாழ்தான். பார்ஹூத், சாஞ்சி, அமராவதி சிற்பங்களில் மடியில் வைத்து வாசிப்பது அதுதான். அமராவதிக் கற்களில் பல எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசில் அரசன் கால்மேல் வைத்து மீட்டுவதும் அதுவே. எனவே தமிழருக்கு யாழ், வடவருக்கு வீணை என்று கோடு கிழித்து, யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று கேட்பது முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பொருந்தாத கேள்வி. ஒரே குடும்பத்துக் கருவிக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர். பின்னால் கருவி மாறியபோது வடமொழி பழைய பெயரைப் புதிய கருவிக்குச் சூட்டிவிட்டது. தமிழ் பழைய கருவியோடு பெயரையும் சேர்த்துப் புதைத்தது. அதனால்தான் யாழ் தொலைந்ததை நாம் உணர்கிறோம். பழைய வீணை தொலைந்ததை யாரும் உணரவே இல்லை. யாழ் என்ற பெயர் யாளி முகம் செதுக்கியதால் வந்தது என்னும் விளக்கமும் இந்தப் பெயர்ப் பித்தின் இன்னொரு முகம். அலங்காரம் கருவிக்குப் பின்னால்தான் வரும்.

எப்போது மாறியது? மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியில் வீணையரும் யாழினரும் தனித்தனிப் பெயரோடு சன்னிதியில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அப்போது இரண்டும் வேறு வேறு கருவி, இரண்டுக்கும் வாசிக்க ஆள் உண்டு என்று தெரிகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுத வந்த அடியார்க்குநல்லார் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் இறந்துபட்டன என்று அவரே எழுதுகிறார். ஆயிரம் நரம்புள்ள ஆதியாழ் ஒன்று இருந்ததாகவும் உரைமரபு சொல்லும். ஆயிரம் நரம்பின் இழுப்பைத் தாங்க எந்த வளைதண்டு இருந்திருக்கும் என்று யோசித்தால், கையில் கருவி இல்லாத காலத்துச் சொல் இது என்று புரிந்துவிடும்.

ஏன் மறைந்தது என்பதற்குச் சமணர் மேலும் படையெடுப்பு மேலும் ஆரியர் மேலும் அவரவர் விருப்பம்போலப் பழி போடுவார்கள். எனக்குப் பெரியபுராணம் சொல்லும் தருமபுரத்து நிகழ்ச்சியே போதுமான விடையாகப் படுகிறது. திருஞானசம்பந்தர் பாடுவதையெல்லாம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்துவருகிறார். யாழில் ஏற்றுவதால்தான் பாட்டுக்கே பெருமை என்று அவருடைய சுற்றத்தார் பேசுகிறார்கள். சம்பந்தர் தருமபுரத்தில் ஒரு பதிகம் பாடுகிறார். அது யாழின் நரம்புக்குள் அடங்கவில்லை. வெட்கிப்போன பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார், சம்பந்தர் தடுக்கிறார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர். பக்திக் கதையாக இதைப் படித்தால் அருளின் வெற்றி. கருவியின் வரலாறாகப் படித்தால் வேறு தெரிகிறது: மிடறு போன இடத்துக்குத் திறந்த நரம்பால் போக முடியாத ஒரு இசை வந்துவிட்டது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கிப் போவதும் அசைத்து நிறுத்துவதும் அதில் அரிது. யாழின் பலம் வேறு. கட்டிய நரம்பை மாற்றாமலே, தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி, செம்பாலையிலிருந்து படுமலைப்பாலைக்கும் அங்கிருந்து செவ்வழிப்பாலைக்கும் என்று ஏழு பாலைக்கும் நகரலாம். பாலை திரிக்கும் அந்தக் கலை யாழின் உடலமைப்பிலிருந்து பிறந்தது. ஆதார சுரம் ஒன்றை நிலையாக நிறுத்தி, அதன்மேல் கமகத்தோடு பாடும் முறை ஓங்கியபோது அந்தப் பலத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ஒரே தந்தியில் விரலை நகர்த்தவும் இழுக்கவும் முடிந்த கருவி வென்றது.

வாசித்தவர்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐங்குறுநூற்றில் பாணர் வீட்டுப் பெண் மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிப் போகிறாள். புறநானூற்றில் பாண்சேரியில் மீன் சீவுகிறார்கள். அரசன் கொடுத்தால் பொற்றாமரை, கொடுக்காத நாளில் கெண்டையும் வராலும். புரவலரை நம்பி நடக்கும் தொழில் இப்படித்தான் இருக்கும். மத்தியப்பிரதேசத்தில் கோண்டு மக்களின் குலக்கதைகளைப் பாடும் பர்தான்கள் கையில் பீன்பாஜா என்ற ஐந்து நரம்பு வளைதண்டு யாழ் அண்மைக்காலம் வரை தப்பிப் பிழைத்திருந்தது. இந்தியாவின் பழைய யாழ் குடும்பத்தின் கடைசிக் கொழுந்து என்று அதைச் சொல்லலாம். அவர்களும் புரவலர் வீட்டுக்கு வீடு நடந்து பாடியவர்கள்தான். பாணரை நேரில் பார்க்க முடியாத நமக்குப் பர்தான்களின் வாழ்க்கை ஓரளவு கண்ணாடி.

யாழை மீண்டும் கேள்வியாக்கியது அச்சு. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த பிறகுதான் இந்த வருணனைகள் படிப்பவர் கைக்கு வந்தன. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் சுருதிக் கணக்கோடு மல்லுக்கட்டினார். கடலுக்கு அந்தக் கரையில், மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டு உழைத்து யாழ் நூலை எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அது அரங்கேறியது; அடுத்த மாதம் அவர் காலமானார். அவருடைய முறை துணிச்சலானது. அறிவியல் ஆசிரியராக இருந்தவர் ஆகையால் நரம்பின் நீளத்தைப் பின்னமாக எழுதி, உரைகளில் உள்ள சூத்திரத்தை அலைவு எண்ணாக மாற்றினார். நூலின் இசைக் கணக்குப் பகுதிக்கு இன்றும் ஈடு இல்லை. உருவம் பற்றிய பகுதியில் மட்டும் சில இடங்களில் எண்கள் அழகாகப் பொருந்துவதையே சான்றாக எடுத்துக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மரத்தில் ஆணி அடிப்பவனின் சிக்கல் பின்னத்தில் வராது. அந்தச் சிக்கலைச் சென்னையின் தருண் சேகர் போன்ற கருவி செய்யும் இளைஞர்கள் அண்மையில் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் யாழ் சங்க காலத்து யாழின் அச்சு அன்று, மரத்தையும் நரம்பையும் இன்றைய காதுக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட புதிய கருவி.

இனி நான் தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் யாழின் முந்திய படி இந்த மாவட்டத்தில் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. கொடைத் திருவிழா நடக்கும் அம்மன் கோவில் முன்னால் வில்லுப்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். ஆளுயரத்தைவிட நீளமான வில். அதில் தோல் முறுக்கிய நாண். வில்லிலிருந்து தொங்கும் வெண்கல மணிகள். வளைவின் முதுகை ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும். அண்ணாவி இரண்டு கையிலும் வீசுகோல் வைத்து நாணை அடிக்க, ஒருவர் குடத்தைத் தட்ட, உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர, சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ விடிய விடிய ஓடும். நாண் அதிர்கிறது, குடம் அதைப் பெருக்குகிறது. வில்லும் பத்தலும் அக்கம்பக்கமாக, இன்னும் ஒன்றாகிவிடாத நிலை. இந்த நாணுக்குப் பக்கத்தில் இன்னொரு நாணைக் கட்டி, குடத்தை வில்லின் அடியோடு ஒட்டினால் யாழ் பிறக்கும்.

அதற்காக வில்லுப்பாட்டிலிருந்துதான் யாழ் வந்தது என்று நான் சொல்லவில்லை. நெல்லைச் சீமையில் அப்படி மேடை போட்டுச் சொல்பவர்கள் உண்டு. வில்லுப்பாட்டில் வில் தாளக்கருவி, பண் பாடுவது மிடறு. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம், ஒன்று மற்றொன்றின் பிள்ளையில்லை. இருந்தும், யாழை ஏந்தியவர்கள் போன இடம் தெரியாமல் போக, ஒற்றை நாண் மட்டும் கொடைக்குக் கொடை நிலைத்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் பின்னால் சுப்பு ஆறுமுகமும் அதைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார்கள். சுருதி சேர்க்கத் தேவையில்லாத கருவி என்பதும் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாக இருக்கும்.

யாழை வென்ற வீணையின் கதைக்கும் இதே மாவட்டத்தில் ஒரு முகவரி உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர், 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய சமாதி அங்கேதான். அவர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சேற்றிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, வீணை விரல்கள் போகும் வழியையெல்லாம் கமகக் குறிகளாகக் காகிதத்தில் ஏற்றிய நூல். யாழ்முரியில் பாணர் கையாலாகாமல் நின்ற அந்த அசைவுகளுக்கு ஒவ்வொன்றாகக் குறி போட்டிருக்கிறார். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். கப்பலேறி வந்த வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். வயலினின் தந்தியை இழுக்க அவர் வலக்கையில் பிடித்திருந்ததையும் தமிழில் வில் என்றுதான் சொல்கிறோம்.